தானே இறக்க முடியாத சுமை

2021 நவம்பரில் ஒரு நாள் பெரியம்மா போன் செய்தாள். 3,000 ரூபாய் அனுப்ப முடியுமா என்று கேட்டாள். "இன்னும் சம்பளம் போடல பெரிம்மா" என்றேன். சம்பளம் வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. "பரவால்ல பாப்பா, நீ சாப்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அன்று சாயங்காலம் 3,499 ரூபாய்க்கு ஒரு ஷூ வாங்கினேன்.

2022 ஜனவரியில் பெரியம்மா இறந்துபோனாள். மாரடைப்பு. அந்தப் பணத்துக்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை. மருந்துக்குக் கேட்ட பணம் இல்லை அது, மழை மாதத்தில் அரிசிக்கும் மளிகைக்கும் கேட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தோழிகள் எல்லோரும் இதைத்தான் ஆறுதலாகச் சொன்னார்கள். "நீ குடுத்திருந்தாலும் அவங்க போயிருப்பாங்க." சரிதான். நான் அவளைக் கொன்றுவிட்டதாக என்றைக்கும் நினைத்ததில்லை. ஒரு பொய் சொன்னேன், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' மூன்று வருடம் என்னோடு இருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் பக்கத்து வீட்டு அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பெரியம்மாவோடு ஒரே அளத்தில் வேலை செய்தவள். "ஒனக்கு சம்பளம் வந்துடுச்சாம்மா?" என்று கேட்டாள். எனக்குப் புரியவில்லை. "ஒங்க பெரிம்மா நாலு ஞாயித்துக்கெழம மாதாவுக்கு மெழுவத்தி ஏத்துச்சு. புள்ள மெட்ராசுல சம்பளம் இல்லாம கெடக்குது, சீக்கிரம் வரணும்னு."

"வந்துடுச்சு அத்த" என்றேன்.

கையில் காசில்லாத ஒரு மனுஷி, நான் சொன்ன பொய்க்காக மெழுகுவத்தி வாங்கி ஏற்றியிருக்கிறாள். இந்தக் கட்டுரை அந்த நாலு மெழுகுவத்தியைப் பற்றியது.

*

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போனவர்கள் மரக்காணத்தைப் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்திருப்பீர்கள். 3,000 ஏக்கருக்கு மேல் உப்பளம். கட்டம் கட்டமாகப் பாத்திகள், வரப்போரம் வெள்ளைக் குவியல்கள், குவியல் மேல் கீற்று. சிலர் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பார்கள். அந்தப் படத்தில் தெரியாத ஒன்று, அது வருடம் முழுக்க நடக்கிற வேலை இல்லை என்பது. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் பாத்தியில் மழைத்தண்ணி நிற்கும், கூலி நின்றுவிடும். அக்டோபரிலிருந்து அடுத்த வருடம் பாத்தி தயாராகும்வரை அளத்துக்காரர்கள் வீட்டில் கடன்தான். உப்பளத் தொழிலாளர்களுக்கு இப்போது அரசு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் தருகிறது. பெரியம்மா கைக்கு அது வந்ததில்லை.

சின்ன வயதில் லீவு நாட்களில் அவளோடு அளத்துக்குப் போயிருக்கிறேன். உப்புக் கூடையை நிரப்பி வைத்துவிட்டு அவள் கூப்பிடுவாள்: "ஒரு கை தூக்கிவுடுடி." எவ்வளவு பலசாலியாக இருந்தாலும், நிறைந்த கூடையைத் தரையிலிருந்து தன் தலைக்குத் தானே ஏற்றுவது கஷ்டம். எதிரில் இன்னொருத்தி வேண்டும்.

அந்தக் கூடைகளில்தான் என் ஹாஸ்டல் ஃபீஸ் வந்தது.

*

"உன்னை நீயே மன்னிச்சுக்கோ." இதைச் சொல்லாத ஆள் இல்லை. இன்ஸ்டாகிராமில் மலைக்குப் பின்னால் சூரியன் உதிக்கிற படத்தின் மேல் எழுதியிருக்கும். தோழி சொன்னாள். போனில் பேசிய ஆலோசகர் சொன்னார். நான் உண்மையாகவே முயன்று பார்த்தேன். ராத்திரி படுத்துக்கொண்டு, "சரி, உன்னை மன்னித்துவிட்டேன்" என்று எனக்கு நானே சொன்னேன். காலையில் எழுந்ததும் நாலு மெழுகுவத்தி அப்படியே இருந்தது.

ஏன் வேலை செய்யவில்லை என்று யோசித்தபோது ஒரு புரோநோட்டுதான் ஞாபகம் வந்தது. கடன் கொடுத்தவர் நோட்டைக் கிழித்துப் போட்டால் கடன் தீர்ந்தது. கடன் வாங்கியவரே கிழித்துப் போட்டால் அதற்குப் பேர் வேறு. நான் பெரியம்மாவுக்குப் பட்ட கடனை நானே எப்படித் தள்ளுபடி செய்வது? மத்தேயு நற்செய்தியில் இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தின் கிரேக்க மூலத்திலும் பாவத்துக்கு நிற்கிற சொல் 'கடன்' என்பதுதான்.

ஹன்னா அரெண்ட் யூதர். கிறிஸ்தவப் பிரசங்கி இல்லை. 1958-ல் வெளிவந்த 'மனித நிலை' நூலில் அவர் இரண்டு விஷயம் சொல்கிறார். மனித விவகாரங்களில் மன்னிப்புக்கு என்ன இடம் என்பதைக் கண்டுபிடித்தவர் நாசரேத்து இயேசு. இன்னொன்று, மன்னிப்பு இன்னொரு மனிதர் இருந்தால்தான் நடக்கும். தனியாக இருக்கும் ஒருவர் தன்னைத்தானே மன்னித்துக்கொள்ள முடியாது. படித்தபோது எனக்கு நிம்மதிதான் வந்தது. முடியாத வேலையைத்தான் இத்தனை நாள் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

தமிழில் இதற்கு இன்னும் பழைய சொல் இருக்கிறது. ஊரில் வயசானவர்கள் 'மன்னி' என்று கேட்பதில்லை, "பொறுத்துக்க" என்பார்கள். பழைய கத்தோலிக்க ஜெபங்களிலும் பாவத்தைப் 'பொறுத்தருள'த்தான் கேட்பார்கள். பொறு என்றால் காத்திரு, தாங்கு, சுமந்துகொள். ஒருவர் செய்த தப்பின் பாரத்தை இன்னொருவர் தாங்கிக்கொள்வதுதான் பொறுத்தல். என்னை நானே பொறுத்துக்கொள்வது, உட்கார்ந்திருக்கிற கூடையோடு என்னையே தூக்கப் பார்ப்பது மாதிரி.

*

பைபிளில் 'உன்னை நீயே மன்னித்துக்கொள்' என்று எங்கும் இல்லை. அங்கே இருப்பது பேதுருவும் யூதாசும்.

பேதுருவைப் பெரியம்மா இராயப்பர் என்றுதான் சொல்வாள். மீனவர், கடற்கரை ஆள், வாய்த்துடுக்கு. அவளுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். கரி அடுப்பில் குளிர் காய்ந்துகொண்டு, இயேசுவைத் தெரியவே தெரியாது என்று மூன்று தடவை சொன்னவர் அவர். யூதாசு முப்பது வெள்ளிக்காசுக்குக் காட்டிக்கொடுத்தவன்.

நான் இந்த இரண்டு கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பல தடவை படித்தேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. நியாயமாகப் பார்த்தால் யூதாசுதான் அதிகம் செய்தவன். மனம் நொந்தான். தலைமைக் குருக்களிடம் போய், குற்றமில்லாத ரத்தத்தைக் காட்டிக்கொடுத்தேன் என்று வாய்விட்டு ஒப்புக்கொண்டான். காசைத் திருப்பி வீசினான். துக்கம், அறிக்கை, பரிகாரம் என்று பாவசங்கீர்த்தனத்துக்கு என்னென்ன வேண்டும் என்று ஞாயிறு மறைக்கல்வியில் சொல்லிக்கொடுத்தார்களோ, மூன்றும் அவனிடம் இருந்தது. பேதுரு என்ன செய்தார்? வெளியே போய் அழுதார். அவ்வளவுதான். யாரிடமும் சொன்னதாகக்கூட எழுதவில்லை.

வித்தியாசம் பாவத்தின் அளவில் இல்லை, வருத்தத்தின் அளவிலும் இல்லை. யூதாசு போய்ச் சொன்ன இடத்தில் அவர்கள், எங்களுக்கென்ன, உன் பாடு என்று சொல்லிவிட்டார்கள். உன் பாடு என்று சொன்னதை அவன் நம்பிவிட்டான். தீர்ப்பைத் தானே எழுதி, தானே நிறைவேற்றினான். பேதுரு அந்த வெட்கத்தோடு மற்ற சீடர்கள் இருந்த இடத்துக்குத் திரும்பி வந்தார். அவர்களோடு இருந்தார். மீன் பிடிக்கப் போனார். அதனால் கரையில் அவருக்காக ஒருவர் காத்துக்கொண்டு நின்றபோது அவர் அங்கே இருந்தார்.

இந்த வித்தியாசம் எனக்கு வெறும் கதை இல்லை. அந்த மூன்று வருடத்தில் நானும் ஊருக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன். பூசைக்குப் போவதை நிறுத்தினேன். அந்த ஷூவை ஒரு தடவைகூடப் போடாமல் பெட்டியோடு கட்டிலுக்கடியில் வைத்திருந்தேன். அதை நான் தவம் என்று நினைத்தேன். யாருக்கு உபயோகம்? ஷூ வீணாய்ப் போனது, அம்மா என்னைப் பார்க்காமல் கிடந்தாள். குற்றவாளி நான், நீதிபதி நான், ஜெயிலரும் நான். அதில் ஒரு கௌரவம் இருந்தது என்பதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. 'மத்தவங்க மாதிரி நான் லேசா எடுத்துக்கல' என்கிற கௌரவம். யோவானின் முதல் திருமுகத்தில் ஒரு இடம் உண்டு: நம் மனமே நம்மைக் குற்றவாளி என்று தீர்த்தாலும், கடவுள் நம் மனதைவிடப் பெரியவர் என்று அர்த்தம். என் மனதின் தீர்ப்புக்கு மேல் ஒரு கோர்ட் இருக்கிறது என்று ஒப்புக்கொள்வது எனக்கு ஆறுதலாக இருப்பதற்கு முன்னால் அவமானமாக இருந்தது.

அளத்தில் ஒரு கணக்கு உண்டு. உப்புநீர் வெயிலில் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி ஏறும். 25 டிகிரி வாக்கில் உப்பு விளையத் தொடங்கும். 30-ஐ நெருங்குவதற்குள் மிச்சத் தண்ணியைத் திறந்து வெளியே விட்டுவிட வேண்டும். அதில் இருப்பது மெக்னீசியம் உப்புகள், கசப்பு. இன்னும் கொஞ்சம் விளையட்டும் என்று பேராசைப்பட்டு அப்படியே விட்டால், கசப்பும் சேர்ந்து படிந்து நல்ல உப்பும் கெட்டுப்போகும். வருத்தமும் எனக்கு அப்படித்தான் ஆகியிருந்தது. முதல் சில மாதம் அது என்னை உண்மையாக்கியது. அதற்கப்புறம் அது கசப்பு மட்டும்தான்.

*

ஆனால் இதில் ஒரு பெரிய ஆட்சேபம் இருக்கிறது, அதைத் தாண்டிப் போக எனக்கு மனசில்லை. 1880-ல் தஸ்தாயெவ்ஸ்கி எழுதி முடித்த 'கரமாசவ் சகோதரர்கள்' நாவலில் இவான் இதைத்தான் கேட்கிறான். ஒரு சிறுவனை அவன் தாயின் கண் முன்னால் நாய்களை ஏவிக் கொன்ற பிரபுவை, அந்தத் தாயேகூட மகனுக்காக மன்னிக்க உரிமை இல்லை என்கிறான். அவள் பட்ட வேதனைக்காக அவள் மன்னிக்கலாம்; பிள்ளை பட்ட வேதனைக்கு அவள் யார்? அப்படியானால், பெரியம்மாவிடம் நான் சொன்ன பொய்யைக் கடவுள் மன்னிக்க அவர் யார்? கிறிஸ்தவம் குறுக்கு வழி காட்டுகிறதோ?

இதைக் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே சீரியஸாக எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. ஹிட்லரை எதிர்த்து 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்ட ஜெர்மானியப் பாதிரியார் டீட்ரிக் போன்ஹோஃபர், 1937-லேயே 'மலிவான அருள்' என்ற ஒன்றைப் பற்றி எச்சரித்தார். மனம் திரும்பாமல், விலை கொடுக்காமல், நமக்கு நாமே விநியோகித்துக்கொள்கிற மன்னிப்பு. 'உன்னை நீயே மன்னிச்சுக்கோ' என்பதற்கு நான் பார்த்த சரியான விளக்கம் அதுதான்.

கிறிஸ்தவத்தின் பதில், நான் புரிந்துகொண்ட அளவில், இரண்டு பங்கு. ஒன்று, செத்தவர்கள் கடவுளுக்குச் செத்தவர்கள் இல்லை. நவம்பர் 2 கல்லறைத் திருநாளன்று நாங்கள் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிப் பூ வைப்பது வெறும் ஞாபகத்துக்காக இல்லை. போனவர்களோடு உறவு முறியவில்லை என்ற நம்பிக்கையில். பெரியம்மாவுக்குப் பதிலாகக் கடவுள் மன்னிப்பதில்லை. பெரியம்மா இப்போது அவரிடம் இருக்கிறாள். இதை நம்பாதவர்களை நான் வற்புறுத்த முடியாது. எனக்கே சில நாள்தான் முழுசாக நம்ப முடிகிறது.

இன்னொரு பங்கு நம்பாதவர்களுக்கும் புரியும். கரையில் பேதுருவிடம் இயேசு, 'உன்னை மன்னித்தேன்' என்று சொல்லவே இல்லை. அந்த ராத்திரியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. மறுபடியும் ஒரு கரி அடுப்பு. யோவான் இரண்டு இடத்திலும் ஒரே கிரேக்கச் சொல்லைப் போடுகிறார். அதில் மீனும் ரொட்டியும். சாப்பிடச் சொல்கிறார். சாப்பிட்டு முடித்ததும், என்மேல் அன்பு இருக்கிறதா என்று மூன்று தடவை கேட்கிறார், மறுத்த கணக்குக்கு. ஒவ்வொரு தடவையும் பதிலுக்கு ஒரு வேலை கொடுக்கிறார்: ஆடுகளுக்குத் தீனி போடு, பார்த்துக்கொள். பாவம் ரத்தானது என்று அவர் சொன்னதைவிட, உன்னிடம் இன்னும் வேலை இருக்கிறது என்று சொன்னதில்தான் பேதுரு பிழைத்தார் என்று நினைக்கிறேன்.

*

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அளம் எல்லாம் தண்ணிக்குள். பஸ் ஓடத் தொடங்கியதும் ஊருக்குப் போனேன்.

அதற்குச் சில வாரம் முன்னால்தான், மூன்று வருடத்துக்கப்புறம், சென்னையில் ஒரு கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்திருந்தேன். இப்போது அதை ஒப்புரவு அருட்சாதனம் என்கிறார்கள். ஒப்புரவு, குறளில் ஒரு அதிகாரத்துக்கே பேர்; ஊரோடு பொருந்தி, இருப்பதைப் பிறருக்கும் பயன்பட வைத்து வாழ்வதைச் சொல்லும் சொல். அதைக் கடவுளோடு சமாதானமாவதற்கு எடுத்துக்கொண்டவர்கள் யோசித்துத்தான் எடுத்திருக்க வேண்டும். நான் எல்லாம் சொல்லி முடித்தேன். பரிகாரமாக வேளாங்கண்ணிக்கு நடந்தே போகட்டுமா என்றும் கேட்டேன். ஆகஸ்டு கடைசியில் காவி உடுத்திக்கொண்டு எங்கள் ஊர் வழியாக நடக்கிறவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஃபாதர் வயசானவர். "ஒன் கால் வலிச்சா அந்தம்மாவுக்கு என்ன லாபம்?" என்றார். பாவ மன்னிப்பு கொடுத்துவிட்டு, "வீட்ல யாருக்காவது இது தெரியுமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப போய்ச் சொல்லு" என்றார்.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா பதில் பேசவில்லை. எழுந்து போய்விட்டாள். அன்று முழுக்கப் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. சாப்பாடு மட்டும் தட்டில் போட்டு வைத்தாள். மூன்றாம் நாள் காலையில் சொன்னாள்: "அன்னிக்கு நீ இல்லன்னதும் அவ தண்டல்ல வாங்குனா. அவ போன பொறவு நாந்தான் கட்டுனேன். ஏழு மாசம்."

நான் பர்ஸை எடுத்தேன். அம்மா கையைத் தட்டிவிட்டாள்.

"எனக்கு ஒண்ணும் தர வேணாம். அது கட்டி முடிஞ்சிபோச்சி. அத்த வீட்ல ரெண்டு நாளா அடுப்பு எரியல, தண்ணி பூந்துடுச்சி. அரிசி வாங்கிக்கிட்டுப் போய்ப் பாரு."

என் கடனை, எனக்குத் தெரியாமலே, இன்னொருத்தி உப்புக் கூடை சுமந்து கட்டி முடித்திருக்கிறாள். அது என் கடன் என்று அவளுக்கும் தெரியாது. சிலுவையைப் பற்றி ஆயிரம் பிரசங்கம் கேட்டிருப்பேன். அன்றைக்குத்தான் அது ஒரு நடைமுறைக் காரியமாகத் தெரிந்தது. பன்யனின் 'மோட்சப் பயணம்' கதையைத் தழுவி எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை பாடிய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894-ல் வெளிவந்தது. பன்யனின் கதையில் பயணியின் முதுகுச் சுமை சிலுவை இருக்கும் இடத்தில் தானாகக் கழன்று விழுகிறது, அவன் கட்டவிழ்ப்பதில்லை. நம் ஊர்ச் சாலைகளில் இன்னும் சில இடங்களில் சுமைதாங்கிக் கல் நிற்கும். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக, வழிப்போக்கர்கள் பாரத்தை இறக்கி வைக்கட்டும் என்று அவள் வீட்டார் நட்டது. இன்னொருவர் சாவின் பேரில் முகம் தெரியாத ஒருவர் சுமை இறக்குவது தமிழ்நாட்டுக்குப் புதுசில்லை.

அத்தை வீட்டில் முழங்காலளவு தண்ணி நின்ற கோடு சுவரில் தெரிந்தது. அரிசி மூட்டையை வாசலில் இறக்கினேன். அத்தையிடமும் சொன்னேன், அந்த மாதம் சம்பளம் வந்திருந்தது என்று. அவளுக்கு எந்த மாதம், எந்தச் சம்பளம் என்று முதலில் ஞாபகம் வரவில்லை. வந்ததும் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "மெழுவத்தி வீணாப் போவல" என்றாள். என்ன அர்த்தத்தில் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

என்னை நான் மன்னித்துவிட்டேனா என்று இப்போது யாராவது கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். அது என் வேலை இல்லை. நவம்பர் வந்தால் அந்தப் போன் இன்னும் காதில் அடிக்கிறது. ஒரே வித்தியாசம், முன்பெல்லாம் அது அடித்தால் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவேன். இப்போது யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்கிறேன்.

ஷூவை அத்தையின் பேத்தி போட்டுக்கொண்டு காலேஜ் போகிறாள். அவளுக்கு ஒரு சைஸ் பெரியது. முன்னால் பஞ்சு வைத்துக்கொள்கிறாளாம்.